படகு சொன்ன எடை

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை படகில் இருந்தவர்கள் நான்கு பேர். பின்னால், இன்ஜின் பக்கத்தில், மெக்கானிக், படகு அவருடையது. நடுப்பலகையின் இடது ஓரத்தில் பேக்கரிக்காரர், வலது ஓரத்தில் அவருடைய மனைவியின் தம்பி டெய்லர். டெய்லரின் காலடியில் இரையும் ஐஸும் வைத்த பெட்டி. முன்னால், சுருட்டிய நங்கூரக் கயிற்றின்மேல் கோணியை மடித்துப் போட்டு, சர்வேயர். ஆறு வருஷமாக யார் இடமும் ஒரு சாண்கூட மாறியதில்லை.

இந்த இட ஒதுக்கீடு சர்வேயர் செய்தது. பேக்கரிக்காரர் ஆள் பெரியவர். டெய்லரோ பள்ளிக்கூட நாளில் வாங்கிய பெல்ட்டை இன்றைக்கும் அதே ஓட்டையில் மாட்டுகிறவர். டெய்லரையும் ஐஸ் பெட்டியையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்தால்தான் மறுதட்டில் பேக்கரிக்காரர் சரியாக வருவார். சின்னப் படகு, பதினாறு அடி. ஒரு பக்கம் சாய்ந்தபடி போனால் அலை உள்ளே வரும் என்று மெக்கானிக் முதல் நாளே சொல்லியிருந்தார். முப்பது வருஷம் நிலம் அளந்து விருப்ப ஓய்வு பெற்ற சர்வேயருக்கு அந்த ஒரு சொல் போதும். கடையில் நாற்காலி லேசாக ஆடினாலே காகிதத்தை நாலாக மடித்துக் காலுக்கு அடியில் செருகிவிட்டுத்தான் உட்காரும் ஆள் அவர்.

அதனால் ஒரு வழக்கம் உண்டானது. எல்லோரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்ததும், சுவர் கட்டும்போது கொத்தனார் வைக்கிற ரசமட்டம் ஒன்றை சர்வேயர் தன் பையிலிருந்து எடுத்து நடுப்பலகையின் குறுக்கே வைப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நட்டநடுவில் வந்து நின்றால், "அவிழ்க்கலாம்" என்பார். அப்புறம்தான் மெக்கானிக் கயிற்றை அவிழ்ப்பார்.

"பிளேன்லகூட இவ்வளவு பார்த்து ஆளை ஏத்த மாட்டாங்க சார்" என்று மெக்கானிக் வாரம் தவறாமல் சொல்லுவார்.

அன்றைக்குக் குமிழி நடுவில் நிற்கவில்லை. காற்றும் மழையுமாக ஐந்து வாரம் கடலுக்குப் போகாமல் இருந்து அன்றுதான் வந்திருந்தார்கள். குமிழி இடது பக்கம் ஓடிக் கோட்டைத் தாண்டி நின்றது. உயர்ந்திருக்கும் பக்கத்துக்குத்தான் குமிழி ஓடும். அப்படியென்றால் இடது பக்கம் தூக்கியிருக்கிறது. பேக்கரிக்காரர் பக்கம் கனம் குறைவு.

"இன்னும் கொஞ்சம் ஓரமா தள்ளி உட்காருடா" என்றார் சர்வேயர்.

"இதுக்கு மேல தள்ளினா நான் தண்ணிக்குள்ளதான் உட்காரணும்" என்றார் பேக்கரிக்காரர். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"விடுங்க சார், அலை" என்றார் மெக்கானிக்.

சர்வேயர் விடவில்லை. தண்ணீர் இறைக்கிற ஒரு லிட்டர் குவளையால் கடல் தண்ணீரை மொண்டு, ஒரு காலி கேனில் ஊற்றி, பேக்கரிக்காரரின் காலடியில் வைத்தார். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று ஏற்றிக்கொண்டே போனார். ஏழாவது லிட்டரில் குமிழி நடுவுக்கு வந்தது. நோட்டுப் புத்தகத்தில் தேதி போட்டு, "இடப்பக்கம் ஏழு லிட்டர் குறைவு" என்று எழுதினார். எழுதி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து வாரத்தில் ஏழு கிலோ.

அவர் பேனாவை மூடி, பேக்கரிக்காரரின் முதுகைப் பார்த்தார். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் போகும் போலிருந்தது.

சந்தேகம் என்று ஒன்று வந்துவிட்டால் கண்ணுக்கு வேறு வேலை இருப்பதில்லை. பேக்கரிக்காரரின் கைக்கடிகாரம் மணிக்கட்டில் சரிந்து கிடந்தது. தூண்டிலில் இரை கோக்கும்போது இரண்டு தடவை கொட்டாவி விட்டார். கரைக்கு வந்ததும் சர்வேயர் டெய்லரை ஒதுக்கமாகக் கூப்பிட்டார்.

"உங்க மாமா சட்டை தொளதொளன்னு இருக்கே. கடைசியா அளவெடுத்தப்போ இடுப்பு எவ்வளவு இருந்துச்சு?"

"மாமாவுக்கு அளவெடுத்து நாலு வருஷமாச்சு சார். வருஷா வருஷம் பெருக்கத்தானே போறார்னு, பழைய அளவோட ரெண்டு விரல் கூட்டி வெட்டிடுவேன்."

இந்தப் பதிலை நின்று நிதானமாக யோசித்திருந்தால் சர்வேயருக்கு அன்றைக்கே பாதிக் கவலை தீர்ந்திருக்கும். அவர் மனதில் நின்றதெல்லாம் 'சட்டை தொளதொள' என்பது ஒன்றுதான்.

அடுத்த ஞாயிறு பதினொரு லிட்டர் தேவைப்பட்டது.

அன்று பாறைத் திட்டின்மேல் நங்கூரம் போட்டு நாலு பேரும் தூண்டிலை இறக்கியிருந்தார்கள். கடல் எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. பேக்கரிக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்டா, போன வாரத்துல இருந்து என் முதுகையே பார்த்துக்கிட்டிருக்கே? மீன் அந்தப் பக்கம் இருக்கு."

சர்வேயருக்குப் பொய் சொல்ல வராது. நோட்டைப் பிரித்து நீட்டினார். ஏழு என்றும் பதினொன்று என்றும் எழுதியிருந்ததற்கு அர்த்தம் சொன்னார். முதலில் பேக்கரிக்காரர் சிரித்தார்.

"பதினொரு கிலோன்னா ரெண்டு தட்டு பன்னுடா. அவ்வளவு குறைஞ்சா என் பொண்டாட்டிக்குத் தெரியாதா?"

"தினம் பார்க்கிறவங்களுக்குத் தெரியாது" என்றார் சர்வேயர்.

பேக்கரிக்காரரின் சிரிப்பு பாதியில் நின்றது. அவர் விரலில் சுற்றியிருந்த தூண்டில் நரம்பு வெடுக்கென்று இழுத்தது. இரண்டாம் தடவை இன்னும் பலமாக இழுத்தது.

"அண்ணே, மாட்டியிருக்கு. இழுங்க" என்றார் மெக்கானிக்.

அவர் இழுக்கவில்லை. நரம்பு விரலைவிட்டு அவிழ்ந்து ஓடியது. டெய்லர் பாய்ந்து பிடித்தார். வந்தது வெறும் முள்.

"அப்பாவும் இப்படித்தான்டா. இதே அம்பத்தெட்டு வயசு. முதல்ல பெல்ட்ல ஒரு ஓட்டை உள்ள போச்சு. வெயில்ல அலைஞ்சதால இளைச்சிருக்கேன்னார். நாலாம் மாசம் ஆளே இல்ல" என்றார் பேக்கரிக்காரர், கடலைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்கு ஒன்பது மணிக்கே கரைக்குத் திரும்பினார்கள்.

மறுநாள் காலை கடை திறக்கும் முன் பேக்கரிக்காரர் மாவு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். தொண்ணூற்றாறு. முன்னால் எவ்வளவு இருந்தது என்று கேட்டால் சொல்ல ஒருவரும் இல்லை. அவரை யாரும் எப்போதும் நிறுத்ததே இல்லை. இத்தனை வருஷத்தில் அவர் எடையைக் கணக்கு வைத்திருந்தது அந்தப் படகு ஒன்றுதான். ஆகவே படகின் கணக்குப்படி நூற்றேழு இருந்திருக்க வேண்டும் என்று சர்வேயர் கூட்டிச் சொன்னார். புதன்கிழமை தொண்ணூற்றைந்து, சனிக்கிழமை தொண்ணூற்றுமூன்றரை. இது படகு சொன்னதல்ல, கண்ணெதிரே தராசு காட்டியது. திங்கட்கிழமை முதல் மனுஷர் ஒரு வாய் நிம்மதியாகச் சாப்பிடவில்லை என்பதை யாரும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

சேர்த்தவர் ஒருவர் உண்டு, அவர் மனைவி. கல்லாவில் நின்றபடியே சர்வேயரைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, முப்பது வருஷமா ஆக்கிப் போடுறவ நான். என் கண்ணுக்குத் தெரியாதது உங்க ரசமட்டத்துக்குத் தெரிஞ்சுதா? நல்லா இருந்த மனுஷனைத் தராசுல ஏத்தி இறக்கியே பாதியாக்கிட்டீங்க."

சர்வேயர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த அம்மா அப்படிப் பேசினாரே தவிர, அன்றைக்கே டாக்டருக்கு நேரம் வாங்கிவிட்டார். டாக்டரிடம் கூட்டிப் போனதும் அவர்தான். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். நடுவில் வந்த ஞாயிறு யாரும் கடலுக்குப் போகவில்லை. அந்தப் பதற்றத்தில் வெளியூரிலிருக்கும் பேக்கரிக்காரரின் அக்கா வீட்டுக்குப் போன் போட்டுவிட்டார். அக்காவுக்கு எழுபது வயது, காது மந்தம். மகள் அவர் காதருகே வாயை வைத்துக் கத்தி விஷயத்தைச் சொன்னாளாம். அப்பா போன பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவர் அந்த அக்கா. கேட்டதும் பேசாமல் எழுந்து போய்ப் பெட்டியில் துணி அடுக்க ஆரம்பித்துவிட்டாராம். அடுத்த வாரச் சனிக்கிழமை ரயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று என்று தகவல் வந்தது.

வியாழக்கிழமை டாக்டரின் அறையில் பேக்கரிக்காரர் நாற்காலியிலும் அவர் மனைவி பக்கத்து ஸ்டூலிலும் உட்கார்ந்தார்கள். சர்வேயர் கதவோரம் நின்றார். டாக்டர் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். மேலிருந்து கீழே போனார், மறுபடி மேலே வந்தார். பேக்கரிக்காரரின் முகத்தில் ஈயாடவில்லை.

"எடை குறைஞ்சிருக்குன்னு யார் சொன்னது?"

"படகு சொல்லுச்சு டாக்டர்" என்றார் பேக்கரிக்காரர்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு?"

"படகு இல்ல டாக்டர், நான்தான் அளந்தேன்" என்றார் சர்வேயர் கதவோரத்திலிருந்து.

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, இந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம் என்று முடிவு செய்தவர் போலக் காகிதத்துக்குத் திரும்பினார். "ரத்தம் சுத்தமா இருக்கு. சர்க்கரை இல்ல. ஸ்கேன்ல ஒன்னுமே இல்ல. இந்த வயசுல இவ்வளவு சுத்தமான ரிப்போர்ட் நான் பார்க்கிறதே அபூர்வம். ரெண்டு மூணு கிலோ இறங்கியிருக்குன்னா அது சாப்பிடாததால. போய் வயிறாரச் சாப்பிடுங்க."

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பேக்கரிக்காரர் மாடிப்படி இறங்கும்போது நடுவில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சர்வேயர் பின்னாலேயே வந்தார்.

"சரிடா. நோய் இல்ல. அப்போ அந்தப் பதினொரு கிலோ எங்க போச்சு?"

சர்வேயர் நோட்டைப் பிரித்து அந்தப் பதினொன்றை மறுபடி பார்த்தார். முப்பது வருஷத்தில் குமிழி அவரை ஒரு தடவைகூட ஏமாற்றியதில்லை. டாக்டர் பொய் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. இரண்டும் உண்மையாக இருக்க முடியாது, ஒன்றைத் தள்ளவும் மனம் வரவில்லை. பேக்கரிக்காரர் மூன்று நாளும் நன்றாகச் சாப்பிட்டார் என்றாலும், ஒவ்வொரு கவளத்துக்கும் நடுவில் அந்தப் பதினொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

ஞாயிறு வந்தது. கிளம்பும் முன் தராசில் ஏறிப் பார்த்தார். பழையபடி தொண்ணூற்றாறு. படகில் அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். சர்வேயர் ரசமட்டத்தை வைத்தார். குமிழி இடது கோடியில் போய் ஒட்டிக்கொண்டது. கேனில் தண்ணீர் ஏறியது. பதினொன்றில் நிற்கவில்லை. பதினாலு.

பேக்கரிக்காரர் கேனையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்கேன்ல தெரியாத நோயும் இருக்குமாடா?" என்றார் மெதுவாக.

இத்தனை வாரமும் இந்த விஷயத்தில் வாயே திறக்காத மெக்கானிக் எழுந்து நின்றார்.

"சார், எல்லாரும் இறங்குங்க."

"எதுக்கு?"

"இறங்குங்கன்னா இறங்குங்க. பெட்டி, கேன், எல்லாத்தையும் எடுங்க. நானும் இறங்கறேன்."

முழங்கால் தண்ணீரில் நாலு பேரும் நின்றார்கள். படகு காலியாக மிதந்தது.

"இப்போ வைங்க உங்க மட்டத்தை."

சர்வேயர் கையை நீட்டிப் பலகையில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி நேரே இடது பக்கம் போனது. படகில் ஒரு ஆள் இல்லை, ஆனாலும் இடது பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

சர்வேயர் மட்டத்தைத் திருப்பி வைத்துப் பார்த்தார், குமிழி அதே பக்கம்தான் போனது. ஆறு வருஷத்தில் வெறும் படகில் அவர் ரசமட்டம் வைத்தது அதுவே முதல் தடவை. ஆட்களை உட்கார வைக்கத்தானே மட்டம், ஆள் இல்லாத படகில் என்ன பார்க்க இருக்கிறது என்று இருந்துவிட்டார். நிலம் அளக்கப் புதிதாக வருகிறவர்களிடம், அளவுச் சங்கிலியைப் பிடிக்கும் முன் சங்கிலியைச் சரிபார் என்று தொண்டை வறளச் சொன்னவர் அவர்தான். காது மடல்வரை சூடாயிற்று.

"அண்ணன் எடை அதே தொண்ணூத்தாறு, லிட்டர் மட்டும் பதினொன்னுல இருந்து பதினாலு. அது எப்படி சார் ஒத்து வரும்?" என்ற மெக்கானிக், பலகைக்கு அடியில் குனிந்து விரல் முட்டியால் தட்டினார். பலகையின் அடியில் இரண்டு பக்கமும் மூடிய அறைபோல இருக்கும். படகு கவிழ்ந்தாலும் மிதப்பதற்காக உள்ளே பஞ்சுபோன்ற நுரைக்கட்டி அடைத்திருப்பார்கள். இடது பக்கம் தட்டினால் டொக் டொக் என்றது. வலது பக்கம் தட்டினால் ஈர மூட்டையைத் தட்டியது போல மொத்தென்றது.

மெக்கானிக் அதே வலது பக்கத்தில் பலகையின் மேலே தடவினார். அங்கே ஒரு சின்ன இரும்புக் குழாய் நாலு திருகாணியில் நின்றது.

"இது எப்போ வந்துச்சு?"

டெய்லர் குழாயின்மேல் கையை வைத்தார். "தூண்டில் கம்பு நிறுத்தறதுக்கு. கை வலிக்குதேன்னு... மழைக்கு முன்னாடி மாட்டினேன்."

"ஓட்டைக்குப் பூசினியா?"

"எதைப் பூசறது?"

"சட்டைல பட்டன் வைக்கிற மாதிரி படகுல திருகாணி வச்சிருக்கான் பாருங்க" என்றார் மெக்கானிக். "அஞ்சு வாரம் மழை. திறந்த வெளில கிடந்த படகு. நாலு ஓட்டை வழியா இறங்கி நுரை அவ்வளவையும் குடிச்சிருக்கு. கடலுக்கு வந்தா அலைத்தண்ணி வேற."

படகைக் கரைக்கு இழுத்துப் போட்டார்கள். மெக்கானிக் கைத்துளைப்பானை எடுத்து அந்த அறையின் அடியில் துளை போட்டார். பழுப்பாக ஒரு தாரை பீய்ச்சியது. சர்வேயர் குவளையை ஏந்தினார். நிரம்பியதும் கொட்டினார்.

"ஒன்னு" என்றார் பேக்கரிக்காரர்.

அவரே எண்ணினார். நாலு வரை குரல் எழும்பவில்லை. ஏழு வந்ததும் மணலில் உட்கார்ந்துவிட்டார். பதினொன்று என்று சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு கண்ணிலும் தண்ணீர். நுரையை அழுத்திப் பிழிந்து பதிமூன்றரையில் தாரை சொட்டாயிற்று.

"அரை லிட்டர் குறையுதே" என்றார் சர்வேயர்.

"டேய்" என்றார் பேக்கரிக்காரர், "அந்த அரை லிட்டரை நான் குடிச்சிட்டேன்னு எழுதிக்கோ."

டெய்லர் ஒரு அடி பின்னால் நின்றார். "மாமா, தெரியாம பண்ணிட்டேன்."

"போடா மாப்ளே. என்னைப் படுக்க வச்சு நாள் குறிச்சவன் அவன். நீ ஓட்டைதானே போட்டே."

மெக்கானிக் துளையில் மரமுளையை அடித்தார். திருகாணி ஓட்டைகளில் ஒட்டும் களிம்பை அப்பினார். அது இறுகுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த நேரத்தில் பேக்கரிக்காரர் நாலு பேருக்குக் கொண்டுவந்த பன்னில் ஆறைத் தின்றார். பிறகு ஏறி உட்கார்ந்தார்கள். சர்வேயர் ரசமட்டத்தை எடுத்தார், கொஞ்சம் தயங்கினார், வைத்தார். குமிழி நடுவில் போய் அசையாமல் நின்றது.

"அவிழ்க்கலாம்" என்றார்.

பாறைத் திட்டில் அன்றைக்கு மீனுக்கு நல்ல பசி. டெய்லருக்கு இரண்டு சங்கரா விழுந்தது. பேக்கரிக்காரருக்கு முழங்கை நீளத்தில் ஒரு பாறை மீன் மாட்டியது. அதை இழுக்கிற வேகத்தில் எழுந்து நின்று படகை ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். வேறு நாளாக இருந்தால் சர்வேயர் திட்டியிருப்பார். அன்று பலகையை இறுகப் பிடித்துக்கொண்டு, "ஆடுடா, நல்லா ஆடு" என்றார்.

திங்கட்கிழமை காலை அடுப்பு வேலை முடிந்த பிறகு பேக்கரியின் பின்னறையில், மாவு தூவிய மேஜையின் ஒரு மூலையைத் துடைத்துவிட்டுச் சர்வேயர் எழுத உட்கார்ந்தார். அக்காவுக்குப் போனில் சொல்லிப் பார்த்தாயிற்று. நல்ல செய்தி என்றதும் அவர் நம்பவில்லை. என்னிடம் மறைக்கிறீர்கள் என்றாராம். சர்வேயர் கையெழுத்தில் வந்தால்தான் நம்புவார். தம்பிக்காக அவருக்கு எப்போதும் கடிதம் எழுதுவது சர்வேயர்தான், தம்பியின் எழுத்தை யாராலும் படிக்க முடியாது.

"முதல்ல தப்பு உங்களோடதுன்னு எழுதுங்கண்ணே" என்றார் பேக்கரிக்காரர் மனைவி, தட்டுகளை அடுக்கிக்கொண்டே.

"அதுதான் முதல் வரி."

எழுதினார். யார் யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், குமிழி எந்தப் பக்கம் போனது, எத்தனை லிட்டர், எந்தத் தேதி, டாக்டர் சொன்னது என்ன, துளையிலிருந்து வந்தது எவ்வளவு, ஒன்றையும் விடவில்லை. டெய்லரின் நாலு திருகாணிக்கு ஒரு தனிப் பத்தி கொடுத்தார். கடைசிப் பத்திக்கு வந்தபோது பேனாவை நிறுத்தினார்.

"ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டியதில்லைன்னு முடிச்சிடவா?"

பேக்கரிக்காரர் கையிலிருந்த மாவைத் தட்டிக்கொண்டு யோசித்தார். "அக்காவைப் பார்த்து நாலு வருஷமாச்சுடா. டிக்கெட்டும் எடுத்தாச்சு."

"முட்டி வலிக்காரங்களாச்சே."

"அதான் சொல்றேன். அந்த வலியோட அவங்க இங்க வர்றதுன்னா நான் சாகக் கிடந்தாத்தான்னு ரெண்டு பேருமே நினைச்சுக்கிட்டிருந்தோம். நல்லா இருக்கும்போது ஒரு தடவை வரட்டுமே."

சர்வேயர் குனிந்து எழுதினார். "தம்பி நலமாக இருக்கிறான். தொண்ணூற்றாறு கிலோ, மாவுத் தராசில் நிறுத்தது. பயந்துகொண்டு வர வேண்டாம். சும்மா வாருங்கள். சனிக்கிழமை ரயிலடிக்கு நாங்கள் நாலு பேரும் வருகிறோம்."

கையெழுத்துப் போட்டார். கீழே பேக்கரிக்காரர் தன் பங்குக்கு ஒரு வரி கிறுக்கினார். அது என்னவென்று சர்வேயருக்கே தெரியவில்லை. உறையின் பசை காய்ந்துபோயிருந்ததால் பேக்கரிக்காரர் சுடுதண்ணீரில் ஒரு சிட்டிகை மைதாவைக் குழைத்து, கட்டைவிரலால் ஓரம் முழுக்கத் தடவி, உள்ளங்கையால் அழுத்திக் கொடுத்தார். சர்வேயர் முகவரியை ஒரு முறை சரிபார்த்தார். தெருமுனைத் தபால் பெட்டியைப் பத்தரைக்குத் திறப்பார்கள். பத்து இருபதுக்கு இரண்டு பேரும் அதன் முன் நின்றார்கள். கடிதம் உள்ளே விழுந்த சத்தம் கேட்டது.